ஸ்போக் வீலை டியூப்லெஸ் ஆக்கியாச்சு, ஆறு மாசமா காத்து இறங்கல

மண்ரோடுமாரி: வண்டி ராயல் என்ஃபீல்டோட பழைய ஹிமாலயன் 411. ஸ்போக்கை ரிம்முல முறுக்கிப் பிடிக்கிற நிப்பிள் ஒவ்வொண்ணையும் சீலன்ட் வச்சு அடைச்சு, மேல டேப் சுத்தி, டியூப்பைத் தூக்கிப் போட்டாச்சு. இன்னும் டியூப் மாட்டி ஓட்டுறவங்க மாட்டுவண்டி காலத்துலயே இருங்க.

லீவர்அண்ணாச்சி: மாட்டுவண்டிக்கு ஏதுடே டியூப்? அத விடு. உன் 21 இன்ச் முன்சக்கர ரிம்முக்குள்ள மேடு இருக்கா? ரிம்முல எம்டின்னு அடிச்சிருக்கா (மேடு உள்ளது), டபிள்யூஎம்னு அடிச்சிருக்கா (மேடு இல்லாதது)? டயர் ஓரத்தை நழுவ விடாம பிடிக்கிறது அந்த மேடுதான். மண்ணுக்காக காத்தைக் குறைச்சுட்டுக் கல்லுல இடிச்சா ஓரம் விலகும். டியூப் இருந்தா தப்பிச்ச. இல்லேன்னா அந்த நொடியே மொத்தக் காத்தும் அவுட்டு.

கரட்டுக்காளை: எங்க ஊர் டயர் வண்டிக்கு டியூப் உண்டு அண்ணாச்சி. வந்து பாருங்க.

மண்ரோடுமாரி: காத்து இறங்கலன்னு சொல்றேன்ல?

லீவர்அண்ணாச்சி: காத்தைப் பத்தி எவன் கேட்டான்? மேடு.

சேத்துக்குளி: டியூப்லிஸ்னு ஒரு செட் விக்கிறான், அதைப் போட்டா சண்டையே இல்ல. உள்ள சின்னதா ஒரு பை, அதுல 110 பிஎஸ்ஐ காத்தழுத்தம். அதுவே டயர் ஓரத்தை ரிம்மோட சேர்த்து அழுத்திப் பிடிச்சுக்கும். மேடே வேணாம்.

லீவர்அண்ணாச்சி: அது காட்டுப்பாதைக்கு மட்டும்தான்னு செஞ்சு விக்கிறவனே சொல்றான். நீ அதை மாட்டிக்கிட்டு பைபாஸ்ல பறக்கியா? பிஎம்டபிள்யூக்காரன் 1987லயே ஆர்100ஜிஎஸ்ல ஸ்போக்கை ரிம் ஓரத்துல கொண்டுபோய் மாட்டினான், நடுவுல ஓட்டையே இல்லாம. அதுக்குப் பேரு டியூப்லெஸ். டேப் ஒட்டுறதுக்குப் பேரு பொட்டலம் கட்டுறது.

மண்ரோடுமாரி: பொட்டலமா? இமயமலைல ஸ்பிதி வரைக்கும் போய்ட்டு வந்த வண்டி இது. நீங்க கடைசியா வண்டியை வெளிய எடுத்தது எப்போ?

லீவர்அண்ணாச்சி: நீ மல்லாக்கப் பறந்தே போய்ட்டு வா. மேடு இருக்கா இல்லையா?

கரட்டுக்காளை: கொல்லிமலைல 70 வளைவும் ஏறி முடிச்சு பஞ்சராகி நின்னப்ப இந்த மண்ரோடுமாரிதான் என் பம்ப்பை வாங்கினாரு. அப்ப டியூப் வண்டி. பம்ப் இன்னும் வரல.

மண்ரோடுமாரி: அதான் இப்ப டியூப்லெஸ்.

கரட்டுக்காளை: அப்ப பம்ப்பு தேவையில்லல்ல? குடுங்க.

சேத்துக்குளி: புது ஹிமாலயன் 450க்கு கம்பெனியே டியூப்லெஸ் ஸ்போக் வீல் குடுக்குறான் அண்ணாச்சி.

லீவர்அண்ணாச்சி: குடுக்கட்டும். ரிம்மையே மாத்திக் குடுக்குறான். இவன் மாத்தினானா?

மண்ரோடுமாரி: படம் போட்டிருக்கேன். காத்து கேஜ் பாருங்க, 25 பிஎஸ்ஐ.

லீவர்அண்ணாச்சி: இது டயர். நான் கேட்டது ரிம்மு.

கரட்டுக்காளை: படத்துல பின்னால தெரியுறது என் பம்ப்புதானே?