வேலை கேட்டு வந்தவனை அந்தக் குடும்பம் ஏன் விரட்டவில்லை? கதைக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே, ஒரு திகில் குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், நடுவில் ஓர் இடத்தில் கதை நகர மறுக்கிறது. கடனில் மூழ்கிய விவசாயக் குடும்பம், அறுவடை நேரம், அப்பா கால் முறிந்து படுத்திருக்கிறார், அந்த நேரம் பார்த்து ஒருவன் வேலை கேட்டு வாசலில் வந்து நிற்கிறான். கூலி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, சோறும் படுக்க இடமும் போதும் என்கிறான்.

அவன் ஆபத்தானவன் என்பது முதலில் மாட்டுக்குத்தான் தெரிகிறது. மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து, பாலை இறக்கும் ஆக்ஸிடோசினின் வேலையைத் தடுத்துவிடும், மடி நிறைந்திருந்தாலும் பால் சரியாக இறங்காது. அவன் தொழுவத்துக்குள் காலெடுத்து வைத்தாலே பசு காதை விறைத்துக்கொண்டு பாலை அடக்கிக்கொள்கிறது, அதை மகள் மட்டும் கவனிக்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி இது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். முற்றிய கதிர் காத்திருக்காது, மணி உதிரும், விடாமல் மழை பெய்தால் கதிரிலேயே முளைத்துவிடும், அதனால் ஆள் வேண்டும், சரி. ஆனால் உயிர்பயம் வந்த பிறகும் அவனை வைத்திருக்க இந்தக் காரணம் போதுமா? கறவை மாட்டைக் கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும் என்பதால் வீட்டைப் போட்டுவிட்டு ஓடவும் முடியாது.

விவசாய வீட்டில் வளர்ந்தவர்கள் சொல்லுங்களேன், அந்த நிலையில் உங்கள் வீட்டில் என்ன செய்திருப்பார்கள்? அப்புறம், பண்ணை வேலை தெரியும் என்று பொய் சொன்னவன் எதில் மாட்டுவான், அரிவாள் பிடிக்கும் விதத்திலா, கயிற்றில் போடும் முடிச்சிலா? போலீஸ் வந்து காப்பாற்றும் முடிவு மட்டும் வேண்டாம்.