மெட்டைப் பிடுங்கினால் கமகம் கொட்டுமா?

மூன்றாங்கட்டை:
ஒரு தம்பி ஃப்ரெட்லெஸ் கிட்டாரில், அதாவது விரல் அழுத்தும் பலகையில் மெட்டு எனும் குறுக்குக் கம்பிகள் இல்லாத கிட்டாரில், தோடி ராகம் வாசித்துக் காணொளி போட்டிருக்கிறார். வாசிப்பு சுமார்தான், அதை விடுங்கள். ஆனால் அதற்குக் கீழே, மெட்டு உள்ள எந்த வாத்தியத்திலும் கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிப்பது) முழுசாக வராது, மெட்டைப் பிடுங்கினால்தான் வரும் என்று ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார் பாருங்கள், அதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வீணையில் 24 மெட்டு இருக்கிறது. மெழுகில் பதித்த 24 மெட்டு. அதன் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் தலைமுறை தலைமுறையாகத் தோடியின் காந்தார ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் கமகம் தெரியாது, இவருக்குத் தெரிந்துவிட்டது!

கம்பிக்காரன்:
அந்தத் தம்பிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் நானும் மெட்டில்லாத கிட்டார் வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். வீணை மெட்டு உயரமானது, கம்பியை இரண்டு மூன்று ஸ்வரம் தாராளமாக இழுக்கலாம். சாதாரண கிட்டாரில் அவ்வளவு இழுத்தால் ஒன்று பக்கத்துக் கம்பியில் இடிக்கும், இல்லை அறுந்து போகும். மெட்டின் மேல் சறுக்கிப் போனாலோ படிப்படியாகத்தான் கேட்கும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே வழுக்கலில் ஜாரு வேண்டுமென்றால் வெறும் பலகைதான் வழி. பாலுசுவாமி தீட்சிதர் கர்நாடக இசைக்கு எடுத்துக்கொண்ட வயலினுக்கு மெட்டு இருந்ததா?

மூன்றாங்கட்டை:
வயலினுக்கு வில் இருக்கிறது சார். வில் போகும்வரை நாதம் நிற்கும். கிட்டாரில் ஒரு மீட்டு, அவ்வளவுதான் முதல். மெட்டில் அழுத்தினால் கம்பி உலோகத்தில் நிற்கிறது, நாதம் நீள்கிறது. வெறும் மரப் பலகையில் அழுத்தினால் விரல் சதையே பாதி நாதத்தைக் குடித்துவிடும். அந்தத் தோடியைத் திரும்பக் கேளுங்கள், காந்தாரத்தை அசைக்க ஆரம்பித்து இரண்டாவது அசைவு வருவதற்குள் சத்தம் செத்துவிடுகிறது. வீணையில் ஏன் சாகவில்லை? 24 மெட்டு.

சரோட் ரசிகன்:
வடஇந்தியத் தந்தி வாத்தியம் சரோடுக்கு வில்லும் இல்லை, மெட்டும் இல்லை. அலி அக்பர் கான் மீட்டிய நாதம் செத்தா போனது?

மூன்றாங்கட்டை:
சரோடில் இருப்பது இரும்புத் தகடு. அதிலும் விரல் நகத்தால் அழுத்துகிறார்கள், சதையால் அல்ல. நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி.

கம்பிக்காரன்:
அதே வேலையைக் கிட்டாரிலும் செய்துவிட்டார்கள். பிரான்சின் விஜியர் கம்பெனி ஃப்ரெட்லெஸ் கிட்டாருக்கு உலோகப் பலகை போட்டு விற்கிறது. அமெரிக்காவில் நெட் எவெட் கண்ணாடிப் பலகையில் வாசிக்கிறார். துருக்கியில் எர்கான் ஓகூர் 1976-லேயே நைலான் கம்பிக் கிட்டாரில் மெட்டை எடுத்துவிட்டு அவர்கள் ஊர் மகாம் இசையை வாசித்தார், அவர்களுக்கும் நம்மைப் போலவே அரை ஸ்வரத்துக்கு இடையில் வேலை இருக்கிறது. மயிலாப்பூரைத் தாண்டியும் காது உள்ளவர்கள் இருக்கிறார்கள் சார்.

மூன்றாங்கட்டை:
துருக்கிக்காரர் தோடி வாசித்தாரா? இல்லையே. அப்புறம் நான் மயிலாப்பூரே இல்லை, மதுரை.

தாளம்போடாதவன்:
எதற்கு இவ்வளவு சண்டை? ஆங்கிலேயக் கிட்டார்காரர் ஜான் மெக்லாலின், இந்திய இசையும் ஜாஸும் கலந்த சக்தி குழுவில் 1970-களிலேயே ஃப்ரெட்லெஸ் வாசித்துவிட்டார். முடிந்தது.

கம்பிக்காரன்:
அது ஃப்ரெட்லெஸ் இல்லை. மெட்டுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளம் பண்ணியது. மெட்டு அப்படியே இருக்கும், பள்ளம் இருப்பதால் கம்பியை நன்றாக அழுத்தவும் இழுக்கவும் முடியும்.

தாளம்போடாதவன்:
குடைந்தால் ஏறக்குறைய மெட்டில்லாத மாதிரிதானே.

மூன்றாங்கட்டை:
குடைந்தால் மெட்டு இன்னும் உயரமாகத்தான் நிற்கும்! வீணை மாதிரி! நான் காலையிலிருந்து கத்துவதும் அதுதானே! கர்நாடக இசைக்கு என்று யோசித்த கிட்டார்காரர் மெட்டைப் பிடுங்கவில்லை, உயர்த்தினார். அந்த 24-இன் மகிமையை வெள்ளைக்காரர் கண்டுகொண்டார், நம் ஆட்களுக்குத்தான் தெரியவில்லை.

பாஸ் பாலு:
பாஸ் கிட்டாரில் இதெல்லாம் பழைய கதை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் மெட்டில்லாத ஃபெண்டர் ஜாஸ் பாஸில் பலகைக்கு எபாக்ஸி பிசின் பூசி வாசித்தார், சுருள் கம்பி மரத்தை அரிக்காமல் இருக்கும், நாதமும் நிற்கும். நானும் அப்படித்தான் பூசியிருக்கிறேன்.

மூன்றாங்கட்டை:
பேச்சு பாஸைப் பற்றி இல்லை.

பாஸ் பாலு:
நீங்கள்தான் வீணையை இழுத்துவந்தீர்கள், பேச்சு வீணையைப் பற்றியும் இல்லை.

விளாம்பட்டி:
மெட்டில்லாத வீணை நம்மிடமே இருக்கிறதே, கோட்டுவாத்தியம். சித்ரவீணை ரவிகிரண் வாசிப்பில் இல்லாத கமகமா? வடக்கே விஸ்வ மோகன் பட் கிட்டாரையே மடியில் கிடத்தி மோகன வீணையாக்கி 1994-இல் கிராமி வாங்கினார்.

மூன்றாங்கட்டை:
இரண்டும் கம்பியின் மேல் கட்டையோ உருளையோ வைத்து நகர்த்தும் வாத்தியம். விரலால் அழுத்துவது வேறு, உருட்டுவது வேறு. சதை படாததால்தான் அங்கே நாதம் நிற்கிறது. நான் சொல்வதை ஒருவராவது முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எட்டுக் கம்பியை ஐந்தாகக் குறைத்தார், மின்சார மாண்டலினாக மாற்றினார், மெட்டில் கை வைத்தாரா? கிட்டார் பிரசன்னா மெட்டுள்ள கிட்டாரில்தான் கீர்த்தனை கீர்த்தனையாக வாசிக்கிறார். இவர்களுக்குப் பிடுங்கத் தெரியாதா? ஒரு குறடு போதும்.

கம்பிக்காரன்:
ஸ்ரீனிவாஸ் கையில் விளக்குமாற்றைக் கொடுத்திருந்தாலும் கமகம் வந்திருக்கும், அவரை வைத்து வாத்தியத்தை அளக்காதீர்கள். அப்புறம் ஒரு விஷயம், உங்கள் 24 மெட்டு மெழுகில்தானே நிற்கிறது? வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்து சுருதி போகும், திரும்ப வைத்துக் கொடுக்க ஆள் தேடி அலைய வேண்டும். எனக்கு அந்தக் கவலை இல்லை.

மூன்றாங்கட்டை:
உங்களுக்கு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அந்தக் கவலை. பலகையில் கோடுகூடக் கிடையாது, விரல் ஒரு மயிரிழை தள்ளினால் அந்தர காந்தாரம் வேறு எங்கோ போய் உட்காரும். அதைக் கமகம் என்று சொல்லிச் சமாளிக்கிறீர்கள்.

சரோட் ரசிகன்:
இவர் எப்போதும் இப்படித்தான். ஆர்மோனியத்தைப் பற்றிப் பேசியபோது, அகில இந்திய வானொலி 1940-இல் தடை போட்டது சரி, ஆர்மோனியத்தில் கமகம் வராது, கட்டை கட்டையாக நிற்கிறது என்று மூன்று நாள் எழுதினார். அங்கே வழுக்க முடியாதது குற்றம், இங்கே வழுக்க முடிவது குற்றம்.

மூன்றாங்கட்டை:
ஆர்மோனியத்தில் கம்பியே இல்லை, இழுப்பதற்கு! அந்தத் தடையை 1971-இல் எடுத்தது தப்பு என்று இப்போதும் சொல்வேன். அதில் என்னோடு கடைசிவரை பேச முடியாமல் ஓடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரோட் ரசிகன்:
வீட்டில் கல்யாணம், அதனால் போனேன். ஓடவில்லை.

கம்பிக்காரன்:
ஒரே கேள்வி கேட்கிறேன் மூன்றாங்கட்டை சார். உலோகப் பலகை போட்ட ஃப்ரெட்லெஸ் கிட்டாரை நீங்கள் நேரில் கேட்டிருக்கிறீர்களா, இல்லையா?

மூன்றாங்கட்டை:
தோடி காந்தாரத்தை ஒரே மீட்டில் நான்கு அசைவு நிற்க வைத்துப் பதிவு பண்ணி இங்கே போடுங்கள், எக்கோ, ரிவெர்ப் எதுவும் இல்லாமல். கேட்டுவிட்டுச் சொல்கிறேன். வீணையில் போட எனக்கு 24 மெட்டு இருக்கிறது.

கம்பிக்காரன்:
நீங்கள் முதலில் போடுங்கள்.

மூன்றாங்கட்டை:
கேட்டது நான்.

விளாம்பட்டி:
மூன்றாங்கட்டை சாருக்கு வீணை வாசிக்கத் தெரியுமா?

மூன்றாங்கட்டை:
அது இங்கே சம்பந்தமில்லாத கேள்வி.