சோரெண்டோ மலைச்சரிவில் பீட்சா வகுப்பு: பிசைந்த மாவும் சுட்ட மாவும்

சென்ற ஆண்டு மே மாதம் நானும் என் மனைவியும் தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயிலில் ஏறி, வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்து சோரெண்டோவில் இறங்கினோம். அங்கிருந்து பேருந்தில் மாஸ்ஸா லுப்ரென்ஸே பகுதியின் மலைச்சரிவிலுள்ள ஒரு பண்ணைக்குச் சென்றோம். அரை நாள் பீட்சா வகுப்புக்கு முன்பதிவு செய்திருந்தோம். அந்த அரை நாளில் நாங்கள் கற்றவற்றுள் பெரும்பகுதி மாவைப் பற்றியது என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இத்தகைய பண்ணைகளை இத்தாலியர் அக்ரித்தூரிஸ்மோ என்று அழைக்கிறார்கள். இதற்கென 1985இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 2006இல் மற்றொரு சட்டமும் வந்தன. விருந்தினரை வரவேற்பவர் உழவராக இருக்க வேண்டும், விருந்தோம்பல் தொழிலைவிட வேளாண்மையே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆகவே எங்களை நேராக அடுப்படிக்கு அழைத்துச் செல்லாமல் முதலில் எலுமிச்சைத் தோப்புக்குள் அழைத்துச் சென்றார்கள். செஸ்ட்நட் மரக்கழிகளை ஆளுயரத்துக்கு மேல் நட்டுப் பந்தல் போட்டு, அதன் கீழே மரங்களை வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் காற்றும் ஆலங்கட்டியும் தாக்காமல் இருக்கப் பந்தலின் மேல் வைக்கோல் தட்டிகளைப் பரப்புவது பழைய வழக்கம். இப்போது பல தோப்புகளில் அதற்குப் பதிலாக வலையைக் கட்டியிருக்கிறார்கள். பழம் நீள்வட்டமாக, நம் ஊர் எலுமிச்சையைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, தடித்த தோலுடன் இருந்தது. அந்தத் தோலைச் சாராயத்தில் ஊறவைத்துத்தான் லிமோன்செல்லோ செய்கிறார்கள் என்பதையும், தோலில் நகத்தால் ஒரு கீறல் போட்டாலே கையெல்லாம் மணம் பரவுவதையும் அங்கே அறிந்தோம். தோப்பின் விளிம்பில் நின்று பார்த்தால் கீழே கடலும் அதற்கு அப்பால் காப்ரித் தீவும் தெரிந்தன.

வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தோம். கற்றுத் தந்தவர் பண்ணை உரிமையாளரின் மகள். நீண்ட மரமேசையின் முன் நாங்கள் நின்றதும் அவர் செய்த முதல் காரியம் என்னை வியக்க வைத்தது. நம் வீடுகளில் மாவைக் கொட்டி, நடுவே குழி செய்து, தண்ணீர் ஊற்றிப் பிசைவோம். அவர் பாத்திரத்தில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் உப்பைக் கரைத்து, மொத்த மாவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் போட்டுக் கலக்கி, அதன் பிறகே ஈஸ்ட்டைக் கரைத்தார். எஞ்சிய மாவைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 1.8 கிலோ மாவு, 50 முதல் 55 கிராம் உப்பு, வெறும் 3 கிராம் ஈஸ்ட். நேப்பிள்ஸ் முறைப் பீட்சாவுக்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட விதிமுறையிலும் இந்த அளவுதான் இருக்கிறது. எண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை, பால் இல்லை. நான் வீட்டில் இதற்கு முன் செய்து பார்த்தபோதெல்லாம் இவை மூன்றையும் சேர்த்திருக்கிறேன் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் பிசைந்தோம். மாவு கையில் ஒட்டுவது நின்று, மேற்பரப்பு வழவழப்பானதும், அவர் எல்லாருடைய மாவையும் வாங்கி, ஈரத்துணியால் மூடி, அடுத்த அறைக்கு எடுத்துச் சென்றுவிட்டார். திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்த மரத்தட்டில், முன்பே செய்துவைத்த உருண்டைகள் வரிசையாக, தளர்ந்து பரவி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் சுடப்போவது அவற்றைத்தான். எங்களில் சிலருடைய முகம் வாடியது. தம் கையால் பிசைந்ததைத் தாமே உண்ண வேண்டும் என்ற ஆசையோடுதானே வந்திருந்தார்கள். என் மனைவி அதை நேரிடையாகவே கேட்டார்.

அதற்கு அவர் தந்த விடைதான் அந்த வகுப்பின் உயிர் என்று நான் கருதுகிறேன். வாயால் விளக்குவதற்கு முன், நாங்கள் புதிதாகப் பிசைந்த மாவிலிருந்து ஆளுக்கு ஒரு சிறு துண்டைக் கொடுத்து, அதை வட்டமாக விரிக்கச் சொன்னார். விரித்த கையை எடுத்ததும் மாவு ரப்பரைப் போல உள்ளுக்கு இழுத்துக்கொண்டது. எத்தனை முறை விரித்தாலும் அப்படியே. பிறகு தட்டிலிருந்த பழைய உருண்டையைத் தந்தார். விரல் பட்ட இடத்தில் அது தானே இளகி விரிந்து, விட்ட இடத்திலேயே நின்றது. பிசையும்போது மாவிலுள்ள பசையம் இறுகுகிறது. அது மீண்டும் தளர்வதற்கு மணிக்கணக்கில் ஓய்வு வேண்டும். அந்த நேரத்தில்தான் ஈஸ்ட் மெல்ல வேலை செய்து உள்ளே காற்றறைகளை உண்டாக்குகிறது. முதலில் இரண்டு மணி நேரம் முழு மாவாகவும், பின்னர் 180 முதல் 250 கிராம் எடையுள்ள உருண்டைகளாகப் பிரித்து மேலும் நான்கு முதல் ஆறு மணி நேரமும் வைக்க வேண்டும். மூன்று மணி நேர வகுப்பில் இது நடக்காது. அதனால் காலையில் வருபவர்கள் பிசைந்த மாவு மாலையில் வருபவர்களுக்கும் வீட்டாரின் இரவு உணவுக்கும் போகிறது. நாங்கள் சுட்டது அன்று அதிகாலையில் அவருடைய தாயார் பிசைந்தது.

நான் மதுரையில் வளர்ந்தவன். பரோட்டா மாஸ்டர்கள் மாவு உருண்டைகளை எண்ணெய் தடவி, துணி போட்டு மூடி, நெடுநேரம் தொடாமல் வைத்திருப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணாடிபோல் வீசி விரிக்கும் அந்த மாவுக்கும் என் கையிலிருந்த மாவுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது சோரெண்டோவில் ஒரு பண்ணை மேசையின் முன்தான் எனக்குப் புரிந்தது. அவரிடம் அதைச் சொன்னபோது, ஈஸ்ட் இல்லாமலும் அப்படி விரியுமா என்று ஆர்வத்தோடு கேட்டார். என் கைப்பேசியில் இருந்த பரோட்டாக் காணொளி ஒன்றை இரண்டு முறை பார்த்தார்.

விரிப்பதற்குப் பூரிக்கட்டை கூடாது. கட்டையை உருட்டினால், மணிக்கணக்கில் சேர்ந்த காற்று முழுவதும் வெளியேறிவிடும். இரண்டு கைகளின் விரல்நுனிகளையும் நடுவில் வைத்து, மெல்ல அழுத்தியபடி விளிம்பை நோக்கி நகர வேண்டும்; ஆனால் விளிம்பிலுள்ள கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டரைத் தொடவே கூடாது. நடுவிலிருந்து தள்ளப்பட்ட காற்று அங்கே போய்ச் சேர்ந்து, அடுப்பில் உப்பிக்கொண்டு எழும். அந்த உப்பிய விளிம்புக்குக் கொர்னிச்சோனே என்று பெயர். வட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. என்னுடைய முதல் வட்டத்தில் நடுப்பகுதி கிழிந்தது. அவர் அதைத் தூக்கி எறியாமல், கிழிசலை மடித்து ஒட்டி, உள்ளே ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடையை வைத்து, மடித்து மூடிய பீட்சாவான கால்ஸோனே ஆக்கிக் கொடுத்தார்.

மேலே இடுபவை குறைவு. தோலுரித்த சான் மார்சானோ தக்காளியைக் கையால் நசுக்கி, உப்பு மட்டும் சேர்த்தோம், வேகவைக்கவில்லை. சோரெண்டோ தீபகற்பத்தின் முதுகெலும்பாக நீளும் மலைத்தொடருக்கு லாத்தாரி மலைகள், அதாவது பால் மலைகள், என்று பெயர். அங்கு மேயும் பசுக்களின் பாலில் செய்யும் ஃபியோர் தி லாத்தே என்ற பாலாடைக்கட்டிதான் மேலே போடப்பட்டது. அதைப் பட்டையாக நறுக்கி, நீர் வடிவதற்காக முந்தைய இரவே வடிதட்டில் வைத்துவிடுகிறார்கள். கடைசியாக நம்மூரில் திருநீற்றுப்பச்சிலை என்று சொல்லும் செடியின் சில இலைகளும், நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுழற்றி ஊற்றிய ஆலிவ் எண்ணெயும். அவர் சொன்ன அளவைவிடக் கூடுதலாகப் பாலாடைக்கட்டியைப் போட்டேன். அதன் விளைவாக என் பீட்சாவின் நடுப்பகுதி கடைசிவரை ஈரமாகவே இருந்தது.

அடுப்பைப் பற்றி எழுதாவிட்டால் இந்தப் பகிர்வு நிறைவடையாது. விறகெரியும் கவிகை அடுப்பு அது. அதன் தரை 485 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 நொடிகள்தான். அவ்வளவு சூட்டில் இரும்புத் தகட்டின் மேல் மாவை வைத்தால் அடிப்புறம் உடனே கரிந்துவிடும். இங்கே கரிவதில்லை, காரணம் தரையில் பதித்துள்ள தடித்த சுடுமண் ஓடு. சுடுமண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் மேற்புறம் வேகும் நேரமும் அடிப்புறம் வேகும் நேரமும் ஒத்துப்போகின்றன. சோரெண்டோவை ஒட்டியுள்ள மையானோவின் களிமண்ணால் இந்த ஓட்டைக் கையால் செய்கிறார்கள்; பிஸ்கோத்தோ என்று அழைக்கிறார்கள். நேப்பிள்ஸின் புகழ்பெற்ற பீட்சாக்களுக்கு அடியில் இந்தக் கடற்கரையின் மண் இருக்கிறது என்பதை அவர் மிகுந்த பெருமையுடன் சொன்னார், அந்தப் பெருமை நியாயமானது. துடுப்பால் உள்ளே தள்ளும் வேலையை அவரே செய்தார்; நீண்ட பிடியுள்ள சிறு வட்டத் துடுப்பால் திருப்பும் வேலையை எங்களுக்கு விட்டார். தீயின் பக்கம் இருக்கும் விளிம்பு பத்து, பதினைந்து நொடிகளில் கறுப்புப் புள்ளி பிடித்துவிடுகிறது; கண்ணை எடுக்க முடியாது.

1889இல் நேப்பிள்ஸின் பீட்சாக் கலைஞர் ரஃபாயேலே எஸ்போசிதோ இத்தாலிய அரசி மார்கரீத்தாவுக்காக, அவர் பெயராலேயே மார்கரீத்தா எனப்படும் இந்தப் பீட்சாவைச் செய்தார் என்ற கதையையும் சாப்பாட்டின்போது சொன்னார்கள். தக்காளியும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த பீட்சா அதற்கு முன்பே நேப்பிள்ஸில் இருந்தது என்பதால், வரலாற்று ஆய்வாளர்கள் அக்கதையை அப்படியே ஏற்பதில்லை. நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

* * *

மேலே மற்றொருவர் தம் சோரெண்டோ வகுப்பைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தபோது, 2023 அக்டோபரில் என் அம்மாவை அழைத்துக்கொண்டு இதே போன்ற வகுப்புக்குச் சென்றது நினைவுக்கு வந்தது. நாங்கள் சென்றது தெற்கே, பெஸ்தும் சமவெளியில் உள்ள எருமைப் பண்ணை. பழைய கிரேக்கக் கோயில்கள் நிற்கும் ஊர் அது, கடலும் அருகிலேயே. சோரெண்டோப் பக்கம் படிக்கட்டுகளும் செங்குத்தான பாதைகளும் மிகுதி. அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் சமவெளியைத் தேர்ந்தெடுத்தோம். முதியவர்களுடன் செல்பவர்கள் பண்ணை எந்த நிலத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

அங்கே முதலில் மொசரெல்லா என்ற பாலாடைக்கட்டியைச் செய்து காட்டினார்கள். உறைந்த பாலைத் துண்டுகளாக்கி, கொதிக்கும் நீரை ஊற்றி, மரக்கோலால் இழுக்க இழுக்க அது நூலாக நீண்டு பளபளப்பாகிறது. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிதுக்கித் துண்டிக்கிறார்கள். துண்டித்தல் என்ற பொருள்தரும் மொத்ஸாரே என்ற வினையிலிருந்துதான் பெயரே வந்தது.

நாங்கள் சைவ உணவினர். பாலை உறைய வைப்பது எது என்று அம்மா என்னைக் கேட்கச் சொன்னார். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் என்று அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். அம்மா பாலாடைக்கட்டியைத் தொடவில்லை. உடனே அந்த வீட்டு மூதாட்டி, தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் ஆகியவை மட்டும் இட்ட மரினாராவை அம்மாவுக்காகச் சுட்டார். கடலைக் குறிக்கும் பெயராக இருப்பதால் அதில் மீன் இருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். அது மாலுமிகளை வைத்து வந்த பெயர், பாலும் இல்லை மீனும் இல்லை. மூதாட்டிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இத்தாலியன் தெரியாது. இருவரும் பூண்டு நறுக்கும் பலகைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து வெகுநேரம் வேலை செய்தார்கள். என் அனுபவத்தில் மரினாராதான் மாவின் சுவையைச் சரியாகக் காட்டுகிறது.

நம் வீட்டு அடுப்பில் இது வருமா என்பதையும் முதலில் எழுதியவர் சொல்ல வேண்டுகிறேன். இங்கே மைதாதான் கிடைக்கிறது.

* * *

முதலில் எழுதியவன் நான்தான். உங்கள் அம்மாவின் அனுபவத்தைப் பகிர்ந்தமைக்கு மிக்க நன்றி. உறைபொருள் பற்றி நான் கேட்கவே இல்லை. இனிச் செல்பவர்கள் முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் இதுவரை ஒன்பது முறை செய்திருக்கிறேன். அரைக் கிலோ மைதாவுக்கு 285 மில்லி தண்ணீர், 14 கிராம் உப்பு, இரண்டு விரலால் கிள்ளிய அளவு உலர் ஈஸ்ட் சேர்த்தால் 200 கிராமில் நான்கு உருண்டைகள் கிடைக்கும். அங்கே 25 பாகை வெப்பத்துக்குச் சொல்லப்பட்ட நேரம் நம் சமையலறையின் 32 பாகைக்குப் பொருந்தாது. உருண்டைகள் மூன்று மணி நேரத்திலேயே தளர்ந்துவிடுகின்றன, அதற்கு மேல் விட்டால் புளித்துக் கிழிகின்றன. வீட்டு மின் அடுப்பு 250 பாகையைத் தாண்டாது. எனவே இரும்புத் தோசைக்கல்லைக் கவிழ்த்து உள்ளே வைத்து, முக்கால் மணி நேரம் காயவிட்டு, அதன் மேல் பீட்சாவை இடுகிறேன். ஏழு நிமிடம் ஆகிறது. விளிம்பு உப்புகிறது, ஆனால் அந்தக் கறுப்புப் புள்ளிகள் இன்னும் வரவில்லை.