புதுப்பிப்பு: காணாமல் போன பில்கள் கிடைத்துவிட்டன

மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் செயலியை வீட்டு லேப்டாப்பில் திறந்தால் கடைசிப் பதினைந்து பில்கள் இல்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. தரவுத்தளத்துக்கு நான் தேர்ந்தெடுத்த இடம்தான் தவறு.

எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தின் கோப்பை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் வைத்திருந்தேன். அந்த ஃபோல்டர் தானாகவே கிளவுடில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் ‘வால்’ முறையில் (WAL, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறை) புதுப் பதிவுகள் முதலில் பக்கத்தில் உள்ள ‘-வால்’ கோப்பில்தான் விழும். வழக்கமாக 1000 பக்கங்கள் (தரவுத்தளத்தின் சிறு துண்டுகள்) சேர்ந்தாலோ, செயலியை மூடினாலோதான் முதன்மைக் கோப்புக்குப் போகும். கடையில் செயலி நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். வீட்டுக்கு வந்து சேர்ந்தது முதன்மைக் கோப்பு மட்டும். நல்லவேளை, கடைக் கணினியில் வால் கோப்பு பத்திரமாக இருந்தது, பதினைந்தும் திரும்பக் கிடைத்தன!

புரோகிராம் ஃபைல்ஸில் வைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. பழைய 32 பிட் செயலி என்றால் விண்டோஸ் சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற, அந்தந்தப் பயனருக்கே உரிய ஃபோல்டருக்குத் திருப்பிவிடும், அப்புறம் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனிப் பில் கோப்பு. நெட்வொர்க் டிரைவும் ஆகாது, வால் முறை அதில் வேலை செய்யாது.

இப்போது லோக்கல் ஆப்டேட்டா என்ற, கிளவுடில் ஏறாத ஃபோல்டருக்கு மாற்றிவிட்டேன். இரவில் எஸ்கியூலைட்டின் ‘வேக்கம் இன்டூ’ கட்டளை ஒரே கோப்பாக நகல் எடுக்கும். அந்த நகல் மட்டும் கிளவுடுக்குப் போகிறது. வீட்டில் மாமா அதைத்தான் பார்க்கிறார்.