ஆலய வளாகத்தில் பொங்கல் வைக்கலாமா? சபையில் முட்டி நிற்கிறது

திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமத்துப் புராட்டஸ்டன்ட் சபை எங்களுடையது. சுமார் 90 குடும்பங்கள். நான் வாலிபர் சங்கச் செயலாளர். சென்னை, பெங்களூரு என்று போனவர்களில் கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காதவர்கள் பொங்கலுக்குத்தான் ஊர் வருகிறார்கள். அதனால் ஜனவரி 15 மாலை ஆலய வளாகத்தில் பானை வைத்துப் பொங்கி, கோலப்போட்டி, உறியடி, ஒன்றாகச் சாப்பாடு என்று திட்டம் போட்டோம். சூரியனுக்குப் படைக்கிற பண்டிகை உள்ளே வரக்கூடாது என்று பெரியவர்கள் சிலர் பிடிவாதமாக நிற்கிறார்கள். மூன்று வாரமாகக் கமிட்டியில் இதே பேச்சு.

விழாவின் பெயரை மாற்றிப் பார்த்தோம். அறுப்பின் பண்டிகையும் (விளைச்சலுக்கு நன்றி சொல்லும் விழா) அசனமும் (சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்து) ஏற்கெனவே இருக்கிறதே, இது எதற்கு என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அசனத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து போகிறோம், பக்கத்தில் இருப்பவர் யார் மகன் என்றுகூட இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

பைபிளில் ரோமர் 14-ஆம் அதிகாரத்தைக் காட்டினேன். நாட்களைப் பற்றிக் குற்றம் சொல்லாதே என்பதுதானே அது. பதிலுக்கு 1 கொரிந்தியர் 8 வந்தது, பலவீனமான சகோதரனுக்கு இடறலாகாதே என்று. கத்தோலிக்க ஆலயங்களில் பொங்கல் வைக்கிறார்களே என்று நான் வாய்விட்டதில் நிலைமை இன்னும் கெட்டது. சபைப் போதகரான ஐயரோ, ஒருமனமாக வாருங்கள் என்று ஒதுங்கிவிட்டார். பள்ளி மைதானத்துக்கு மாற்றலாம் என்றால் வயதானவர்கள் அவ்வளவு தூரம் நடந்து வர மாட்டார்கள்.

இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. இப்படி எதிர்ப்பு இருந்தும் உங்கள் சபையில் நடத்தியிருந்தால், எதை விட்டுக்கொடுத்துப் பெரியவர்களைச் சம்மதிக்க வைத்தீர்கள்?