பாவத்தைப் பத்தி சின்னப் பிள்ளைங்களுக்கு எப்படி சொல்றது?

குன்னூர் டீச்சர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சண்டே ஸ்கூல்ல ஏழெட்டு வயசுப் பிள்ளைங்க, பாதிப்பேரோட அப்பா அம்மா எஸ்டேட்ல தேயிலை பறிக்கிறவங்க. பாவம்னாலே "டீச்சர், நான் நரகத்துக்குப் போவேனா"ன்னு ஒரு பாப்பா அழுதுட்டே கேக்குது. பாவத்தை சொல்லாம விடவும் முடியாது, பயமுறுத்தவும் மனசு வரல, என்ன பண்றது?

கோத்தகிரி அண்ணன்:
பைபிள்ல சகேயு கதைய எடுங்க சிஸ்டர், லூக்கா 19, ஜனங்கள ஏமாத்தின வரி வசூல்காரன், இயேசுவைப் பாக்க மரத்துல ஏறினவன். அதுல வரிசைய கவனிங்க, அவன் ஒண்ணும் திருந்தல, இன்னும் மரத்து மேலதான் இருக்கான், அதுக்குள்ள இயேசு பேர் சொல்லி கூப்பிட்டு உன் வீட்டுல தங்கணும்கிறார், ஏமாத்தி வாங்கினத நாலு மடங்கா திருப்பித் தரேன்னு அவன் சொல்றது அதுக்கப்புறம்தான். கிருபை, அதாவது தகுதி பாக்காம தேவன் காட்டுற அன்பு, முதல்ல வருது. ரோமர் 5:8-உம் அதேதான், நாம பாவிகளா இருக்கும்போதே கிறிஸ்து மரிச்சார்.

ஊட்டி அம்மா:
அண்ணன் சொன்னது சரி, ஆனா பாவத்தை லேசாக்கிடாதீங்கம்மா. பக்கத்து வீட்டு மரத்துல கேக்காம பிளம்ஸ் பறிச்சா அது திருட்டுதான், அப்படியே பேர் சொல்லுங்க, கையோட 1 யோவான் 1:9-ஐயும் சொல்லிக்குடுங்க, பாவத்தை ஒத்துக்கிட்டு அறிக்கையிட்டா மன்னிக்க தேவன் உண்மையுள்ளவர்னு. பாவத்தை உணர்த்துறது பரிசுத்த ஆவியானவர் வேலை, யோவான் 16:8 பாருங்க, பிள்ளைய அழவெச்சாத்தான் பாடம் ஏறுச்சுன்னு இல்ல. கிளாசுக்கு முன்னாடி ஒவ்வொரு பிள்ளை பேரையும் சொல்லி ஜெபம் பண்ணுங்க.

குன்னூர் டீச்சர்:
ரொம்ப நன்றிம்மா, அண்ணா. இந்த ஞாயிறு சகேயுதான், அந்தப் பாப்பாவ முன்வரிசைல உக்கார வெக்கிறேன்.