எத்தியெனும் எங்கள் முடியப்பு அம்மப்பாவும்

பாரிசிலிருந்து:

உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெயர். ஆங்கிலப் பழக்கத்தில் எழுத்துக்கூட்டி, "எட்டியன்னே யாரு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். ஒரே சிரிப்பு. "எத்தியென்" என்று திருத்தியபடி வந்து நின்றான் ஒரு பையன். பகலில் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிப்பு, இரவில் என்னோடு பாத்திரம் கழுவுகிற வேலை.

ஒரு நாள் அவன் பெயருக்கு அர்த்தம் கேட்டேன். கிரீடம் என்றான். பைபிள் பெயர்தான், இங்கிலீஷ்காரர்கள் ஸ்டீபன் என்பார்களாம். நான் நம்பவில்லை. ஸ்டீபன் எங்கே, எத்தியென் எங்கே?

கை துடைக்கிற தாளில் எழுதிக் காட்டினான். கிரேக்கத்தில் ஸ்தெஃபனோஸ், லத்தீனில் ஸ்தெஃபனுஸ். அந்தக் காலத்தில் பிரான்சில் லத்தீன் பேசியவர்களுக்குச் சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்த' வந்தால் நாக்கு மக்கர் செய்யும். அதனால் முன்னால் ஒரு 'எ' சேர்த்துக்கொண்டார்கள்: எஸ்தியென். அப்புறம் நடுவில் கிடந்த 'ஸ்' தேய்ந்துபோய் எத்தியென். பள்ளிக்கூடத்துக்கும் இதே கதிதான்: ஸ்கோலா, எஸ்கோல், எகோல். எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. இஸ்கூல், இஸ்டேசன் என்றுதானே அவரும் சொல்வார்! ஆனால் பாட்டி 'ஸ்'-ஐ விழுங்கவில்லை.

மன்னாரிலிருந்து:

அண்ணா, எங்கள் அம்மப்பாவின் பெயரே அதுதான். முடியப்பு! அந்த பைபிள் ஸ்டீபனை, அதாவது ஸ்தேவானை, கத்தோலிக்கர் நாங்கள் முடியப்பர் என்றுதான் சொல்லுவோம். அம்மப்பாவுக்கோ தலையில் ஒரு மயிர் இல்லை. 'முடி இல்லாத முடியப்பு' என்று பாடி அடி வாங்கியிருக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது: இது தலைமயிர் இல்லை, மணிமுடி. அதிலும் அரசனுடையது என்பதைவிட, பந்தயத்தில் வென்றவன் தலையில் சூட்டுகிற இலை வளையம்.

பைபிளில் திருத்தூதர் பணிகள் 6, 7 அதிகாரங்களை வாசித்துப் பாருங்கள். ஸ்தேவானைக் கல்லால் எறிந்து கொன்றதுதான் எல்லோருக்கும் தெரியும். அவரை முதலில் எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? கைம்பெண்களுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கிற ஏழு பேரில் ஒருவராக. உங்கள் எத்தியென் சமையலறையில் நிற்பது பொருத்தம்தான்!

பவுலைச் சின்னப்பர் என்பதும் இப்படித்தான். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். யோவான் அருளப்பர். பிரெஞ்சுக்காரர் வாயில் ஒலி தேய்ந்தது, நம்மவர்கள் ஒலியை விட்டுவிட்டு அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது. அம்மப்பாவின் பேத்தி வேறு எப்படிச் சொல்லுவேன்?

ஸ்ட்ராஸ்பூரிலிருந்து:

டிசம்பர் 26 புனித எத்தியென் திருநாள். பாரிஸ்காரர்கள் அன்றைக்கு வேலைக்குப் போக வேண்டும், எங்களுக்கு லீவு. எங்கள் ஊர் இருக்கிற அல்சாஸும் பக்கத்து மொசெலும் 1871 முதல் 1918 வரை ஜெர்மனியிடம் இருந்தபோது வந்த விடுமுறை இது. பிரான்சோடு திரும்பச் சேர்ந்த பிறகும் யாரும் அதைப் பிடுங்கவில்லை. போன வருடம் பாரிசிலிருக்கும் அத்தானுக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குக் கொட்டாவியோடு போன் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து:

எழுத்தில் பழைய 'ஸ்' போகாத ஒரு எஸ்தியென் இருக்கிறார்: ரோபேர் எஸ்தியென், பாரிசில் அச்சகம் வைத்திருந்து ஜெனீவாவுக்குப் போனவர். 'யோவான் 3:16' என்கிறோமே, புதிய ஏற்பாட்டுக்கு இந்த வசன எண்களைப் போட்டு 1551-ல் அச்சிட்டவர் அவர்தான்.

பாரிசிலிருந்து, மறுபடியும்:

மன்னார்த் தங்கச்சி எழுதியதை எத்தியெனிடம் சொன்னேன். இனிமேல் தன்னை முடியப்பு என்றுதான் கூப்பிட வேண்டும் என்கிறான். ஆனால் 'டி' வரவில்லை. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் 'முதியப்பு' என்கிறான். வயது 24.